சர்க்கரை இனிக்காத காலை: மூலிகையும் மாத்திரையும் சேர்ந்த ஒரு நீரிழிவு நிகழ்வு

காலை ஆறு பத்து இருக்கும். கிளினிக் இன்னும் திறக்கவில்லை. மாடியில்தான் குடியிருக்கிறேன் என்பதால் ஆட்டோக்காரர் கீழே நின்று சத்தம் போட்டார். இறங்கி வந்து பார்த்தால், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் அக்கா பின் சீட்டில் சாய்ந்து கிடந்தார். முந்தானை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. பெயரைக் கேட்டதும் சொன்னார். என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் வராமல் என்னையே பார்த்தார். மடியில் பாதி கட்டிய மல்லிகைச் சரம் அப்படியே இருந்தது.

விரலில் குத்திப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 46 மில்லிகிராம். 70-க்குக் கீழே போனாலே தாழ்வு என்று கணக்கு. 54-க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நினைவோடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது. அதனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, வெறும் தண்ணியக் குடுக்குறீங்க?"

சரி, கரையவில்லையோ என்று கொஞ்சம் சீனியை நேராக நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பப் பார்த்தார். "மண்ணு மாதிரி இருக்கு."

சர்க்கரை இறங்கியதால் வந்த குழப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த 'மண்ணு' என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. சின்ன வயதில் பாட்டி ஊரில் வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியின் இலையை மென்றுவிட்டு, கையோடு வெல்லத்தைத் தின்று பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. வெல்லம் களிமண் போல இருக்கும். சீனி என்றால் மணல்.

"குறிஞ்சான் இலை மென்னீங்களா?"

தலையை ஆட்டினார்.

"இனிக்காட்டியும் பரவாயில்ல, குடிங்க. உள்ளே போனா வேலை செய்யும்." ஒரு கையால் தலையைத் தாங்கி, டம்ளரை முழுதாகக் குடிக்க வைத்தேன். 15 நிமிடம் கழித்து 63. மறுபடியும் அதே அளவு கொடுத்தேன். அடுத்த 15 நிமிடத்தில் 94. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் வேற, பூவெல்லாம் என்ன ஆச்சோ" என்று அவர் புலம்ப ஆரம்பித்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

நோயாளியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுதுவதற்குக் காரணம், என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் மூலிகை எதையும் தொடாதவர்கள் மிகக் குறைவு. அதை எங்களிடம் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு.

பின்னணி

வயது 52. இரண்டாம் வகை நீரிழிவு ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. எடை 71 கிலோ. லேசான ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 காலை, இரவு, கிளிமிபிரைடு காலையில். நான்கு மாதத்துக்கு முன்பு எடுத்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 9.6. அதைப் பார்த்துவிட்டு கிளிமிபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக உயர்த்தியது நான்தான். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நிகழ்வே நடந்திருக்காது.

அவருடைய நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. மூன்றரைக்கு மார்க்கெட். பூ வாங்கி, பிரித்து, கட்டி, சில்லறை வியாபாரத்தையும் முடித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். 'காலையில் வெறும் வயிற்றில்' என்று சீட்டில் எழுதியிருந்த மாத்திரையை அவர் மூன்று மணிக்கே விழுங்கிவிடுவார். எழுதியதை எழுதியபடியே செய்திருக்கிறார். உணவுக்கு முன் என்றால் கால் மணி, அரை மணி நேரம் முன்பு என்பது எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் விழவில்லை? நான்கு மணிக்கு மார்க்கெட் டீக்கடையில் ஒரு காபி, இரண்டு கரண்டி சீனியோடு. கூடவே ஒரு பன். அந்தக் காபிதான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சப் பையில் இருந்தவை

அன்று முழுவதும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையால் வரும் தாழ்வு ஒரு முறை ஏற்றிவிட்டால் முடிந்துவிடாது. மருந்தின் வேகம் ஒரு நாள் வரை நீடிக்கலாம், சர்க்கரை மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இன்னும் மோசம். அவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9, கல்லீரல் நொதி எஸ்ஜிபிடி 38. இரண்டும் சரியாக இருந்தன. எட்டு மணிக்கு இட்லி கொடுத்தோம். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி 68-க்கு வந்தது. சோறு சாப்பிட்டதும் ஏறியது.

அந்த இடைவேளையில்தான் பையைத் திறக்கச் சொன்னேன். திட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஈரத்துணியில் சுற்றிய சிறுகுறிஞ்சான் இலை, மலையடிவாரத்திலிருந்து வரும் கீரைக்கார அம்மா கொடுத்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊறிய வெந்தயம். தண்ணீர் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த பச்சைநிறப் பாகற்காய்ச் சாறு. கடைசியாக, பெயரோ தேதியோ எதுவும் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் கவரில் கறுப்பு உருண்டைகள். "இது இன்னும் ஆரம்பிக்கல டாக்டரம்மா, அமாவாசை கழிச்சு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்." திருவிழாக் கடையில் வாங்கியதாம். 48 நாளில் சர்க்கரையை வேரோடு எடுத்துவிடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக இவை நடக்கின்றன. விடியற்காலை ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சீனி எதற்கு என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதால் நான்கு மணிக் காபியும் பன்னும் நின்றுபோயின. பசியும் இனிப்பு ஆசையும் வரும்போதெல்லாம் இரண்டு குறிஞ்சான் இலை.

ஏன் விழுந்தார்

மூலிகைதான் சர்க்கரையைத் தள்ளிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நானும் அன்று காலை அப்படித்தான் நினைத்தேன். மாலைக்குள் எண்ணம் மாறியது.

முதல் காரணம் மாத்திரையும் நேரமும்தான். கிளிமிபிரைடு, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்க்காது. மூன்று மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குச் சாப்பாடு என்றால் நடுவில் ஆறு மணி நேரம். காபியும் பன்னும் நின்றது இரண்டாவது. அதற்கு மேல்தான் பாகற்காய்ச் சாறு வருகிறது. பாகற்காயில் சரண்டின், இன்சுலினை ஒத்த ஒரு புரதம் எனச் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. தனியாக அவை செய்வது சிறிது. ஆனால் கிளிமிபிரைடின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மாத்திரையான குளோர்புரோபமைடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, பாகற்காய்க் குழம்பும் சேர்ந்ததில் சர்க்கரை எதிர்பாராத அளவுக்கு இறங்கியது பற்றி 1979-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் வந்திருக்கிறது. இது புதிய சங்கதி இல்லை. நாங்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சிறுகுறிஞ்சான் சர்க்கரையை எவ்வளவு இறக்கியது என்பதைவிட, தாழ்வைச் சரிசெய்ய விடாமல் அது குறுக்கே நின்றதுதான் இங்கே பெரிது. அந்த இலையில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் இனிக்காது. உப்பும் புளிப்பும் வழக்கம்போல் தெரியும். குடலில் சர்க்கரை ஏறுவது இதனால் நின்றுவிடாது. ஆனால் வியர்த்து, நடுங்கி, குழம்பிப்போய் இருக்கும் ஒருவர் வாயில் சீனியைப் போட்டால் மணல் என்று துப்பிவிடுவார். மார்க்கெட்டில் டீக்கடைக்காரர் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இவர் 'சப்புன்னு இருக்கு' என்று கீழே ஊற்றிவிட்டார். ஆட்டோவில் வந்து சேரும்வரை கால் மணி நேரம் அப்படியே போயிருக்கிறது.

எந்த மருத்துவப் பாடத்திலும் எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பாட்டி வீட்டு வேலிதான் சொல்லிக் கொடுத்தது.

பேச்சு

மாலையில் மகளும் வந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுவீங்க" என்றார் அக்கா. முன்பு ஓர் இடத்தில் வெந்தயம் என்று வாயெடுத்ததற்கே ஒரு டாக்டர் அவரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் மெதுவாக வெளியே வந்தது. அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை. கடைசியில் இன்சுலின் போட ஆரம்பித்து நான்கு மாதத்தில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். "ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் கால் போச்சு. மாத்திரை கூடக் கூட அடுத்தது ஊசிதானே?" நான் மாத்திரையை உயர்த்திய அன்று அவர் மனசில் ஓடியது இதுதான். மூலிகைக்குப் போனது அந்தப் பயத்தில். காலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவ்வளவு பாடும்.

பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போய், புண் வந்த பிறகு கடைசி நேரத்தில் இன்சுலின் போட்டிருப்பார்கள் என்று விளக்கினேன். இன்சுலின் கால் எடுத்ததற்குக் காரணமில்லை, அது தாமதமாக வந்தது என்று. இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில் ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது என்றும் சொன்னேன். எண் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மெட்ஃபார்மின் கதைதான் எடுபட்டது.

ஐரோப்பாவில் ஒரு செடி, வெந்தயத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, கலேகா அஃபிசினாலிஸ் என்று பெயர். அதில் இருக்கும் கலேஜின் என்ற பொருள் சர்க்கரையை இறக்குவதைக் கண்டுபிடித்து 1920-களில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். நஞ்சு அதிகம், விட்டுவிட்டார்கள். அதே வகையைச் சேர்ந்த, நஞ்சு குறைந்த மெட்ஃபார்மினை 1957-இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். அக்கா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இதுவும் செடிதானா?" செடியிலிருந்து புறப்பட்டது, அளவு தெரிந்தது, அறுபது வருடத்துக்கு மேல் பார்த்துப் பழகியது என்றேன்.

அந்தக் கறுப்பு உருண்டையை மட்டும் பேச்சுக்கே எடுக்காமல் குப்பையில் போட்டோம். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம்; தடை செய்த நோய்களின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். பெயரில்லாத உருண்டைக்குள் என்ன இருக்கும் என்பதுதான் என் கவலை. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. மூலிகை என்று விற்ற உருண்டைக்குள் ஆங்கில மருந்தையே பொடித்துக் கலந்திருந்ததும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படி ஒன்று கிளிமிபிரைடோடு சேர்ந்திருந்தால் அக்கா 46-இல் நின்றிருக்க மாட்டார்.

புதிய ஏற்பாடு

கிளிமிபிரைடை நிறுத்தினேன். விடியற்காலை எழுந்து நேரம் கழித்துச் சாப்பிடும் ஒருவருக்கு அது ஏற்ற மருந்து இல்லை. இரவு மெட்ஃபார்மினை வயிற்றுப் பொருமலால் வாரத்தில் பாதி நாள் விட்டுவிடுகிறார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதனால் மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினுக்கு மாற்றி, சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி, இரண்டு மாதத்தில் படிப்படியாக நாளுக்கு 2000 மில்லிகிராம் வரை கொண்டுபோனேன். கூடவே சிட்டாகிளிப்டின் 100. சாப்பிட்டால்தான் அது இன்சுலினைத் தூண்டும் என்பதால் தனியாகத் தாழ்வை உண்டாக்குவது அரிது. 2022-இல் காப்புரிமை முடிந்த பிறகு விலையும் பூக்கார அக்கா வாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியிருக்கிறது. காலை மாத்திரை இனி ஒன்பது மணிச் சாப்பாட்டோடு. நான்கு மணிக்குச் சீனி இல்லாத காபி, ஒரு கை சுண்டல் அல்லது அவித்த முட்டை.

மூலிகைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம். வாரம் இரண்டு நாள், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் இருக்கும் மருத்துவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் அனுப்பினேன், என் சீட்டோடு. அவரும் தன் சீட்டை எனக்கு அனுப்பினார். இரண்டு சீட்டும் ஒரே கவரில் இருப்பது அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததை முகத்திலேயே பார்த்தேன்.

முதலில் வெந்தயம்

மாத்திரைகள் நிலையான அளவுக்கு வந்த பிறகு வெந்தயத்தை ஆரம்பித்தோம். அவர் அதுவரை ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைக் குழம்பில் போட்டுவிடுவார். தண்ணீரில் வருவது கொஞ்சம். வேலை செய்வது பெரும்பாலும் விதையில் இருக்கும் வழவழப்பான நார். அது குடலில் கூழாகி, சோற்றின் சர்க்கரை ரத்தத்துக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதில் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறது. 1996-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 60 பேருக்கு நாளுக்கு 25 கிராம் வெந்தயப் பொடியை 24 வாரம் கொடுத்தார்கள். 25 கிராம் என்றால் ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி. வீட்டில் நாம் போடும் அரைக் கரண்டியோடு அதை ஒப்பிட முடியாது.

அக்காவுக்கு இரவு ஊறவைத்த இரண்டு தேக்கரண்டி, விதையோடு மென்று, காலைச் சாப்பாட்டுக்கு முன். மாத்திரைக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி, ஏனென்றால் அந்தக் கூழ் மாத்திரையையும் மெதுவாக்கும். முதல் வாரம் வயிறு ஊதிக்கொண்டது. வியர்வையில் ஒரு மாதிரி வாசம் வருகிறது என்று மகள் கவலைப்பட்டாள். வெந்தயத்தின் வாசம்தான், பயமில்லை என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இவ்வளவு வெந்தயத்தைத் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுகளின் சராசரி வெந்தயத்துக்கு முன்பு 208. நான்கு வாரம் கழித்து 186. வெறும் வயிற்று அளவில் சொல்லும்படி மாற்றமில்லை. நார் செய்யும் வேலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

அப்புறம் சிறுகுறிஞ்சான்

இது நம் ஊரிலேயே ஆராய்ந்த மூலிகை. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர், மாத்திரை எடுத்துவந்த 22 இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இதன் இலைச் சாற்றிலிருந்து எடுத்த பொருளை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்து, ஐந்து பேரால் மாத்திரையையே விட முடிந்தது என்று எழுதினார்கள். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் 22 பேர்தான், குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதே வேலையைப் பெரிய அளவில், நல்ல முறையில் யாராவது இங்கே செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அக்காவின் நோட்டில் குறிஞ்சான் பொடி சாப்பிட்ட நான்கு வாரத்தில் எண்கள் பெரிதாக அசையவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. மாலை நான்கு மணிக்கு டீயும் கேக்கும் அவருடைய நெடுநாள் பழக்கம். அதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு இலையை மென்றால் டீ குடிப்பதில் அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது என்றார். "கேக்கு அட்டை மாதிரி இருக்கு, எவன் திம்பான்?" ஒரு மாதத்தில் அந்தக் கேக் நின்றுவிட்டது. என் அறிவுரையில் ஏழு வருடம் நிற்காத கேக் அது.

சித்த மருத்துவர் மூன்றாவதாக ஆவாரைக் குடிநீரைச் சேர்க்கலாம் என்றார். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்ந்த கசாயம். இதில் கடலழிஞ்சில் எனக்குப் பிடித்த பாடம். இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று சொல்லி, அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவெல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். மாவுச்சத்தை உடைக்கும் குடல் நொதியைத் தடுப்பது அதன் வேலை. நாங்கள் எழுதும் வாக்லிபோஸ் மாத்திரை செய்வதும் அதே வேலைதான். 2005-இல் இலங்கையில் 51 நோயாளிகளுக்கு அதைச் சேர்த்த மூலிகைத் தேநீரையும், அதே மாதிரி இருக்கும் வெறும் தேநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செய்த ஆய்வில் ஹெச்பிஏ1சி சிறிது குறைந்தது. அக்கா மூன்று நாள் குடித்துவிட்டு, கசப்பும் காய்ச்சும் வேலையும் தாங்காமல் நிறுத்திவிட்டார். மூன்று மணிக்கு எழுந்திருப்பவர் கசாயம் காய்ச்சுவது நடக்கிற காரியமா? மருத்துவரும் வற்புறுத்தவில்லை.

பாகற்காய் பொரியலாக மட்டும் தொடர்ந்தது. 2012-இல் உலகத்து ஆய்வுகளை அலசிய காக்ரேன் தொகுப்பில் நான்கு ஆய்வுகள், 479 பேர். அதைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்று முடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தாய்லாந்தில் நடந்த ஆய்விலும், நாளுக்கு 2000 மில்லிகிராம் பாகற்காய்ப் பொடி 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் அளவுக்கு வரவில்லை. காய்கறியாகச் சாப்பிட எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பச்சைச் சாறு வேண்டாம் என்றேன். சுரைக்காய்ச் சாற்றையும் சேர்த்தே சொன்னேன்: கசக்கிற சுரைக்காயின் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து எச்சரித்திருக்கிறது.

ஐந்தாம் மாதம்

இடையில் ஒரு தடங்கல். ஊரெல்லாம் காய்ச்சல் என்று, உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வர வேண்டும் என்று யாரோ கொடுத்த சீந்தில் பொடியை ஆறு வாரம் எடுத்திருக்கிறார். சர்க்கரைக்கு இல்லை என்பதால் இது எங்கள் ஒப்பந்தத்தில் வராது என்று நினைத்துவிட்டார். வழக்கமான பரிசோதனையில் எஸ்ஜிபிடி 142. மஞ்சள் காமாலை இல்லை, வைரஸ் சோதனைகளும் சரி. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளிடம் கண்டு 2021-இல் எழுதினார்கள். அடுத்து நாட்டின் பல மையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவோடு உடன்படவில்லை. இங்கே சீந்திலை நிறுத்தி ஆறு வாரத்தில் எண் 34-க்கு வந்தது. மறுபடி கொடுத்துச் சோதிக்கிற ஆசை எங்கள் இருவருக்குமே இல்லை. கல்லீரல் பாதிப்பு குறிஞ்சானாலும் அரிதாக வந்ததுண்டு என்பதால் அதையும் அந்த ஆறு வாரம் நிறுத்தியிருந்தோம். பிறகு இலையாக மட்டும் திரும்ப ஆரம்பித்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல், சிறுநீரகச் சோதனை உண்டு.

எண்கள்

விழுந்த அன்று எடுத்த ஹெச்பிஏ1சி 8.4. மூன்று மாதத்தில் 7.7. ஆறில் 7.1. ஒன்பதாம் மாதம் 7.2. எடை 71-இலிருந்து 67. இந்த ஒன்பது மாதத்தில் 70-க்குக் கீழே ஒரு முறையும் போகவில்லை. கால் எரிச்சல் என்று சொன்னதால் பார்த்தபோது வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு இது வரும். அதற்குத் தனி மாத்திரை. பாதத்தில் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் வலது கட்டைவிரலில் மட்டும் உணர்வு மந்தம். மார்க்கெட்டில் செருப்பில்லாமல் நிற்பதை அன்றோடு விட்டார்.

இதில் எவ்வளவு மூலிகையால் வந்தது என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன். பெரும்பங்கு, முதல்முறையாக ஒழுங்காக, சரியான நேரத்தில் உள்ளே போன மாத்திரைகளுக்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைந்ததில் ஒரு சிறு பங்கை வெந்தயத்துக்குத் தருகிறேன். குறிஞ்சான் ரத்தத்தில் என்ன செய்தது என்பதற்கு இந்த நோட்டு சாட்சி சொல்லாது. மாலைக் கேக்கை நிறுத்தியது அதுதான். ஒருவரின் நோட்டு ஆய்வாகிவிடாது, அடுத்தவருக்கு இதே எண்கள் வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வெந்தயத்தை அன்று நான் தூக்கிப் போடச் சொல்லியிருந்தால் அக்கா சிட்டாகிளிப்டினைத் தொட்டிருக்க மாட்டார் என்பது எனக்கு நிச்சயம். அடுத்த முறை வேறொரு டாக்டரிடம் போயிருப்பார், மஞ்சப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். முதல் வாய் சாப்பாடு எத்தனை மணிக்கு? பையில் வேறு என்ன இருக்கிறது? இரண்டாவதைக் கேட்கும்போது மேசையில் என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். அதிகாரி மாதிரித் தெரிந்தால் பை திறக்காது.

அக்கா குறிஞ்சான் இலையை ஒன்பது மணிச் சாப்பாட்டுக்கு முன்பு தொடுவதில்லை. இடுப்புச் சுருக்குப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது. டீக்கடைக்காரரிடமும் பக்கத்து மூன்று பூக்கடைகளிலும் மகளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்: அம்மாவுக்கு வியர்த்து நடுக்கம் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், இனிக்கவில்லை என்று சொன்னாலும் விடாமல் குடிக்க வையுங்கள்.